காற்றை உள்ளே விடும் நேரம்

(ஆய்வக வெற்றிடக் கருவிகளைத் திறந்து மாதிரி மாற்றும் முறை குறித்து, தேசிய அறிவியல் நாள் விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லண்டனில் உள்ள நேஷனல் கேலரியில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. ஜோசப் ரைட் என்பவர் 1768-இல் வரைந்தது. இரவு நேரம், மேசை விளக்கைச் சுற்றிப் பெரியவர்களும் குழந்தைகளும் கூடியிருக்கிறார்கள். மேசைமேல் காற்றை இறைக்கும் பம்ப். அதன் உச்சியில் கண்ணாடிக் குடுவை, குடுவைக்குள் மூச்சுக்குத் தவிக்கும் ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. ஒரு சிறுமி பார்க்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். சோதனையைச் செய்துகாட்டுகிறவரின் ஒரு கை குடுவையின் உச்சியில், காற்றை உள்ளே விடும் திருகின்மேல் இருக்கிறது. அந்தக் கை இப்போது திறக்குமா, இன்னும் சற்றுப் பொறுக்குமா என்பதுதான் ஓவியத்தின் மொத்த உயிரும்.

ரைட் நினைத்திருந்தால் பம்பின் கைப்பிடியைச் சுற்றும் காட்சியை வரைந்திருக்கலாம். அவர் வரைந்தது காற்று திரும்ப உள்ளே வரப்போகும் கணத்தை. வெற்றிடக் கருவிகளோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தேர்வு மிகச் சரியாகப் படுகிறது. வெற்றிடத்தை உண்டாக்குவது பற்றி நம் பாடப்புத்தகங்களில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. அதைக் கலைப்பது பற்றி அரைப் பக்கம்கூடக் கிடையாது. ஆனால் மாதிரி பாழாவதும், பம்ப் கெடுவதும், கண்ணாடி உடைவதும், மனிதர்கள் காயப்படுவதும் பெரும்பாலும் கலைக்கும் நேரத்தில்தான். அந்த நேரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் கல்லூரிகளில் மெல்லிய படலம் படிய வைக்கும் கோட்டிங் யூனிட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரும்புப் பெட்டியின் மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் கவிழ்த்த கண்ணாடி மணிக்கலம். பெல் ஜார் என்போம். உள்ளே டங்ஸ்டன் அல்லது மாலிப்டினத்தில் செய்த சிறு படகு. அதில் அலுமினியமோ வெள்ளியோ வைத்து மின்னோட்டம் பாய்ச்சினால், உருகி ஆவியாகி மேலே இருக்கும் கண்ணாடிச் சில்லில் படியும். கீழே இரண்டு பம்புகள். முதலில் காற்றை வாரி எடுப்பது ரோட்டரி பம்ப். அதற்குமேல் ஆழமான வெற்றிடத்துக்கு, எண்ணெயைக் கொதிக்கவைத்து அதன் ஆவித் தாரையால் வாயு மூலக்கூறுகளைக் கீழே தள்ளும் டிஃப்யூஷன் பம்ப். நடுவே மூன்று வால்வுகள்: அறையை ரோட்டரி பம்போடு இணைக்கும் ரஃபிங், இரண்டு பம்புகளையும் இணைக்கும் பேக்கிங், அறையை டிஃப்யூஷன் பம்போடு இணைக்கும் ஹை வாக்குவம். ஓரமாக, யாரும் பெரிதாக மதிக்காத நான்காவது ஒன்று: காற்றை உள்ளே விடும் வென்ட் வால்வு. ஒரு மாதிரி முடிந்து அடுத்ததை வைக்க வேண்டுமானால் இந்த நான்காவதைத் தொட்டே ஆக வேண்டும்.

காற்று நம்மை அழுத்தும் விசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடை. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெல் ஜாரின் பரப்பு 700 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆக, வெற்றிடம் இருக்கும்போது அதைத் தட்டோடு சேர்த்து அழுத்துவது 700 கிலோவுக்கு மேற்பட்ட எடை. 1650-களில் ஓட்டோ ஃபான் கெரிக்கே இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை இறைத்துவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்து ஊரையே வியக்க வைத்தது இந்த விசையைக் கொண்டுதான். இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. வெற்றிடம் இருக்கும்வரை எந்த அவசரக்காரரும் கதவைத் திறக்க முடியாது. காற்றே பூட்டி வைத்திருக்கிறது. காற்று உள்ளே வந்ததும் அந்தப் பூட்டு போய்விடுகிறது. அதற்குப் பிறகு நம்மைக் காப்பது, நாம் அதற்கு முன் எந்த வரிசையில் என்னென்ன செய்தோம் என்பது மட்டும்தான்.

வரிசை என்றதும் கருவியின் முகப்பில் ஒட்டியிருக்கும் காகிதம் நினைவுக்கு வரும். 'முதலில் இதை மூடு, பிறகு அதைத் திற' என்று எழுதியிருக்கும். அந்தக் காகிதம் வேண்டும். ஆனால் அதை மனப்பாடம் செய்தவர் ஏதாவது ஒரு படி மாறிப்போனால் திகைத்துவிடுவார். ஒவ்வொரு வால்வுக்கும் 'ஏன்' தெரிந்தவர் திகைக்க மாட்டார். உள்ளே இப்போது எது சூடாக இருக்கிறது, எதில் மின்சாரம் தங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம், சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நான்கு கேள்விகளைக் கேட்டால் வரிசை தானாக வந்து நிற்கும்.

சூட்டிலிருந்து தொடங்குவோம். வெளியே ஒரு இரும்புத் துண்டு சிவந்து கிடந்தால் சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து அதைக் குளிர்விக்கும். வெற்றிடத்தில் காற்று இல்லை. பிடித்திருக்கும் கம்பிகள் வழியே கொஞ்சம் வெப்பம் போகும். மீதி கதிர்வீச்சாகத்தான் போக வேண்டும். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1200 கெல்வினில் உள்ள பொருள், அறைச் சுவர்களுக்கு வெப்பத்தை இழக்கும் வேகம், 400 கெல்வினில் இழக்கும் வேகத்தைவிட 100 மடங்குக்கும் மேல். இதனால் என்ன ஆகிறது? ஹீட்டரை அணைத்ததும் செந்நிறம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். பார்ப்பவருக்கு 'ஆறிவிட்டது' என்று தோன்றும். ஆனால் 200 டிகிரி செல்சியஸிலிருந்து 60-க்கு வருவதற்கு, முதலில் 800-லிருந்து 400-க்கு வந்ததைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். நிறத்தை நம்பக் கூடாது. தெர்மோகப்பிள் காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்தத் தெர்மோகப்பிளும் மாதிரியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, அருகில் உள்ள தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

சூடாக இருக்கும்போது காற்றை விட்டால் படகு முதலில் போகும். சிவந்த டங்ஸ்டன் காற்றில் நிமிடத்தில் ஆக்சைடாகிவிடும். ஹாட் கேத்தோடு அயனி கேஜின் இழையும் அப்படியே. அதனால்தான் வென்ட் வால்வைத் தொடும் முன் அந்தக் கேஜை அணைக்கிறோம். பிறகு மாதிரி போகும். நாள் முழுக்கப் பாடுபட்டுப் படிய வைத்த உலோகப் படலம் மேலே ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொண்டு வெளியே வரும். அதை அளந்து 'மின்தடை அதிகமாக இருக்கிறதே' என்று அடுத்த ஒரு மாதம் காரணம் தேடுவோம். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஹீட்டர் 200 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு, உலர்ந்த நைட்ரஜனைச் சில மில்லிபார் அளவுக்கு விட்டுவைத்தால் அந்த வாயு வெப்பத்தைச் சுவருக்குக் கடத்தும், குளிர்வது விரைவுபடும். உங்கள் மாதிரி நைட்ரஜனோடு வினை புரியாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். எலக்ட்ரான் கன் வைத்த யூனிட்டில் 6 முதல் 10 கிலோவோல்ட் வரை வரும். ஒளிர் மின்னிறக்கத்தால் தூய்மை செய்யும் உயர் மின்னழுத்த மின்வாய்க்குச் சில கிலோவோல்ட். ஆழ்ந்த வெற்றிடத்தில் இவை தாங்கும். வளிமண்டலத்திலும் ஓரளவு தாங்கும். நடுவில்தான் தாங்காது. ஃப்ரீட்ரிச் பாஷென் 1889-இல் வெளியிட்ட விதி அது: வாயுவின் அழுத்தமும் மின்வாய்களின் இடைவெளியும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்து மின்முறிவு நிகழும். காற்றில் அதன் மிகத் தாழ்ந்த புள்ளி 330 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 1 மில்லிபாருக்குச் சற்றுக் கீழ். வென்ட் செய்யும்போது அறை அந்த அழுத்தத்தைக் கடந்தே ஆக வேண்டும். உயர் மின்னழுத்தம் அப்போது இருந்தால் உள்ளே ஊதாவாக மின்னும், அறைக்குள் டிடெக்டர் ஏதும் இருந்தால் அதன் கதை முடியும். ஆகவே முதலில் மின்சாரம், பிறகுதான் காற்று. சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்றும் எண்ணாதீர்கள். பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் எர்த்திங் கம்பி என்று ஒன்று காப்பிட்ட கைப்பிடியோடு கருவியின் பக்கத்தில் தொங்குகிறது. கதவு திறந்ததும் கை உள்ளே போகும் முன் அந்தக் கம்பி போக வேண்டும்; வேலை முடியும்வரை மின்வாயின்மேல் அது மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. கதவு திறந்தால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும் என்று கருவியைச் செய்தவர்கள் ஒரு சிறிய சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஓர் ஆய்வகத்தில் அந்தச் சுவிட்சைச் செலோடேப் சுற்றி நிரந்தரமாக அழுத்தி வைத்திருந்ததைக் கண்டேன். கதவுச் சட்டம் சற்று வளைந்துபோய்ச் சுவிட்ச் சரியாகத் தொடவில்லையாம். அடிக்கடி சோதனை நின்றுபோகிறதாம். சட்டத்தை நிமிர்த்த அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குப் பதிலாக, அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணின் கையைப் பணயம் வைத்திருந்தார்கள்.

இப்போது பம்புகள். டிஃப்யூஷன் பம்புக்குள் எண்ணெய் 200 டிகிரி அளவில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் வளிமண்டலக் காற்று பாய்ந்தால், எண்ணெய் கருகித் தாராகும். எண்ணெய் ஆவி அறைக்குள் ஏறி எல்லாவற்றின்மேலும் படியும். சாதாரணக் கனிம எண்ணெயாக இருந்தால் தீப்பற்றவும் கூடும். எனவே காற்றை விடும் முன் ஹை வாக்குவம் வால்வு மூடியிருக்க வேண்டும். ரஃபிங் வால்வும் மூடியிருக்க வேண்டும். பேக்கிங் வால்வு மட்டும் திறந்திருந்து, ரோட்டரி பம்ப் டிஃப்யூஷன் பம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஹை வாக்குவம் வால்வின் கைப்பிடியைத் திருகிவிட்டு நம்பி நகராதீர்கள். பழைய யூனிட்டுகளில் கைப்பிடி மூடியதாகக் காட்டும், உள்ளே தட்டு முழுதாக அமர்ந்திருக்காது. மூடிவிட்டுக் கேஜை ஒரு நிமிடம் பாருங்கள். பம்ப் பிரிந்துவிட்டால் அறையின் அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கும். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு மூடவில்லை என்று பொருள்.

டிஃப்யூஷன் பம்புக்குப் பதில் டர்போ பம்ப் உள்ள கருவிகளில் கவனிக்க வேண்டியது வேறு. சிறிய டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 60,000 முதல் 90,000 முறை சுழல்கிறது. முழு வேகத்தில் இருக்கும்போது காற்றை ஒரேயடியாக விட்டால் இறகுகளும் பேரிங்கும் தாங்காது. அணைத்து, வேகம் பாதிக்குக் குறைந்த பிறகு, அதற்கென உள்ள துளை வழியாகச் சிறுகச் சிறுக விட வேண்டும். நல்ல கன்ட்ரோலர்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

ரோட்டரி பம்பைப் பற்றி நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்சாரம் போய்விட்டால் பம்ப் நிற்கும். அதன் வாய்ப் பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வளிமண்டலம். தடுக்கும் வால்வு இல்லாத பழைய பம்பில், வெளிக்காற்று எண்ணெயைத் தள்ளிக் குழாய் வழியே மேலே ஏற்றிவிடும். மின்சாரம் வந்து பார்த்தால் குழாய் முழுக்க எண்ணெய். மின்வெட்டு வந்ததும் ஓடிவந்து பேக்கிங் வால்வை மூடுவதும், பம்பின் வாய்க்கு மட்டும் காற்று விடுவதும் அனுபவமுள்ள உதவியாளர்களுக்கு அனிச்சைச் செயல். மின்சாரம் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் காந்த வால்வு ஒன்றை வாங்கிப் பொருத்தினால் அந்த ஓட்டம் தேவைப்படாது. செலவு பெரிதல்ல, துறைத் தலைவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வென்ட் வால்வு.

அதன் வழியே என்ன விடுவது? பலரும் அறைக் காற்றையே விடுகிறார்கள். விடலாம், பெல் ஜார் எழும்பும். ஆனால் சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதக் காற்றை எண்ணிப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 விழுக்காடு இருந்தால், அந்தக் காற்றில் நீராவியின் பங்கு மட்டுமே ஏறத்தாழ 34 மில்லிபார். நீர் மூலக்கூறு உலோகச் சுவரில் ஒட்டினால் எளிதில் விடாது. அடுத்த முறை பம்ப் போடும்போது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சில நிமிடங்களில் போய்விடும். மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருப்பது சுவரிலிருந்து கிளம்பும் நீர்தான். 10⁻⁶ மில்லிபாரில் ஒரு பரப்பில் மோதும் மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டால், சில வினாடிகளில் ஓர் அடுக்கு மூடிவிடும். மேற்பரப்பு ஆய்வு செய்கிறவர்கள் 10⁻¹⁰ மில்லிபார் தேடிப் போவது, அந்த அடுக்கு மூட மணிக்கணக்காகும் என்பதற்காகவே. அவர்கள் ஒருமுறை கதவைத் திறந்தால் அறை முழுவதையும் 150 டிகிரி அளவில் ஒரு நாளுக்கு மேல் சுட வைத்து நீரை விரட்ட வேண்டியிருக்கும். எனவே உலர்ந்த நைட்ரஜனை விடுங்கள். திறந்திருக்கும் நேரத்திலும் அது மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கட்டும்.

நைட்ரஜன் விட்டும் உள்ளே ஈரம் சேர்வதாகச் சில ஆய்வகங்களில் சொல்வார்கள். குளிர்நீர் தரும் சில்லரைப் போய்ப் பார்ப்பேன். டிஃப்யூஷன் பம்புக்கும் அடித்தட்டுக்கும் 18 டிகிரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நான் சொன்ன அந்த மழைக்காலக் காற்று 26 டிகிரியிலேயே வியர்க்கத் தொடங்கும். பெல் ஜாரைத் தூக்கிய மறுகணம் அடித்தட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி. பெரிய கோட்டிங் கூடங்களில் கதவைத் திறக்கும் முன் சுவர்க் குழாய்களில் குளிர்நீரை நிறுத்தி வெந்நீரை ஓடவிடும் வழக்கம் இதற்காகத்தான். நம்மால் வெந்நீர் விட முடியாவிட்டாலும், அடித்தட்டுக்குப் போகும் குளிர்நீரை மட்டுமாவது நிறுத்தி அது அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்கலாம். பம்புக்குப் போகும் நீரை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. அங்கே எண்ணெய் இன்னும் கொதிக்கிறது.

இனி, இன்றைய பேச்சில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். வெற்றிட அறை வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க அல்ல. நம் வீட்டுப் பிரஷர் குக்கர் உள்ளழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டது. அதற்கு மேலே வெயிட்டும் உண்டு, அது அடைத்துக்கொண்டால் உருகிவிட ஒரு சேஃப்டி வால்வும் உண்டு. வெற்றிட அறைக்குப் பெரும்பாலும் இவற்றில் எதுவும் கிடையாது. அதன் ஜன்னல் கண்ணாடியை வெளிக்காற்று உள்நோக்கி அழுத்திப் பிடித்திருக்கிறது. அதே கண்ணாடியை உள்ளிருந்து தள்ளினால் அது தெறித்து முகத்துக்கு வரும். நைட்ரஜன் சிலிண்டரில் நிரப்பும்போது இருப்பது 150 பார். ரெகுலேட்டரைக் கவனக்குறைவாகத் திருகினால், 30 சென்டிமீட்டர் மூடியின்மேல் வளிமண்டலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினாலே, 70 கிலோ எடை மேல்நோக்கித் தள்ளும்.

'கேஜ் இருக்கிறதே, பார்த்துக்கொள்ள மாட்டோமா' என்பீர்கள். ஆபத்தே அந்தக் கேஜில்தான். நம் யூனிட்டுகளில் இருக்கும் பிரானி கேஜ், 1906-இல் மார்செல்லோ பிரானி கண்டுபிடித்த தத்துவத்தில் இயங்குவது. சூடான ஓர் இழையிலிருந்து வாயு எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதைப் பார்த்து அழுத்தத்தைச் சொல்கிறது. அதன் அளவுகோல் நைட்ரஜனுக்காகப் போடப்பட்டது. ஸ்பட்டரிங் முறையில் படலம் படிய வைக்கிறவர்கள் ஆர்கான் பயன்படுத்துகிறார்கள். கையோடு அதே ஆர்கானை விட்டு வென்ட் செய்யவும் துணிவார்கள். ஆர்கான் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். அறைக்குள் முழு வளிமண்டல அழுத்தம் வந்த பிறகும் சில வகைக் கேஜ்களில் முள் 30 மில்லிபார் அளவிலேயே நிற்கும். 'இன்னும் நிரம்பவில்லை' என்று மேலும் மேலும் வாயுவை விட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆய்வகங்களில் நான் கண்டிருக்கும் காட்சி ஒன்று. ஆய்வு மாணவி ஒருவர் ஆர்கான் வால்வில் கை வைத்துக்கொண்டு கேஜையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அருகில் ஆய்வக உதவியாளர் நிற்கிறார்.

"அண்ணா, முள் ஏறவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் திறக்கட்டுமா?"

"முதல்ல சிலிண்டரை மூடும்மா. கிளாம்ப்பைத் தளர்த்திட்டியா?"

"இல்லண்ணா, அட்மாஸ்பியர் வந்ததும் தளர்த்தலாம்னு…"

"வாயு விடறதுக்கு முன்னாடியே தளர்த்திடணும். உள்ள வாக்குவம் இருக்கும்போது மூடி எங்க போயிடும்? காத்தே புடிச்சிருக்கு. நிறைஞ்சதும் தானா லேசா எழும்பி உஸ்ஸுன்னு விட்டுடும். அந்தச் சத்தம்தான் உனக்குக் கேஜ்."

அந்த உதவியாளர் பட்டம் பெற்றவரல்லர். ஆனால் அவர் சொன்னதில் இயற்பியல் முழுமையாக இருக்கிறது. கிளாம்பைத் தளர்த்திய மூடியே சேஃப்டி வால்வாகிவிடுகிறது. இதோடு, எந்த வாயுவாக இருந்தாலும் உண்மையான அழுத்தத்தையே காட்டும் உதரவிதானக் கேஜ் ஒன்றும், வளிமண்டலத்துக்குச் சற்று மேலே போனால் தானே திறந்துகொள்ளும் சிறிய ரிலீஃப் வால்வும் இருந்துவிட்டால் நிம்மதி. திருகாணிகளால் பூட்டிய ஃபிளாஞ்சாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் கழற்றாதீர்கள். எதிரெதிராக இரண்டு மூன்று திருகாணிகள் கடைசிச் சுற்றுகளில் தொங்கட்டும். முகத்தை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள்.

மிகப் பெரிய நிறுவனங்களுக்கும் இந்தப் பாடம் தேவைப்பட்டிருக்கிறது. 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹேட்ரான் மோதுகலத்தில், காந்தங்களை இணைக்கும் ஒரு மின் இணைப்பு பழுதாகி, ஹீலியம் கலத்தில் துளை விழுந்தது. திரவ ஹீலியம், காந்தங்களைச் சுற்றி வெப்பக் காப்புக்காக வைத்திருந்த வெற்றிட உறைக்குள் பாய்ந்தது. உறையில் ரிலீஃப் திறப்புகள் இருந்தன, திறக்கவும் செய்தன, வந்த வாயுவின் அளவுக்கு அவை போதவில்லை. உள்ளழுத்தத்தின் விசையில் பல டன் எடையுள்ள காந்தங்கள் தாங்கிகளிலிருந்து பெயர்ந்தன. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் போயிற்று. 53 காந்தங்களைக் கழற்றி மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. கருவி மீண்டும் ஓடியது 2009 நவம்பரில்தான். பின்னர் ரிலீஃப் திறப்புகளைக் கூட்டினார்கள்.

வெற்றிட அறைக்குள் விடும் நைட்ரஜன் கடைசியில் போய்ச் சேரும் இடம் நாம் நிற்கும் அறை. 1981 மார்ச் 19 அன்று, அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில், கொலம்பியா விண்ணோடத்தின் முதல் பயணத்துக்கான ஒத்திகை முடிந்திருந்தது. தீ அபாயத்தைத் தவிர்க்க அதன் பின்பகுதி அறையை நைட்ரஜனால் நிரப்பியிருந்தார்கள். உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நைட்ரஜன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்த தொழிலாளர்கள் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் அன்றே இறந்தார். இன்னொருவர் சில வாரங்களுக்குள் இறந்தார். மூச்சு முட்டுகிறது என்று உடல் உணர்வது கார்பன் டை ஆக்சைடு கூடும்போதுதான். நைட்ரஜனைச் சுவாசித்தால் அது அதிகரிக்காது. வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கையே இல்லாமல் நினைவு போகும்.

நம் அறைக்குக் கணக்குப் போடுவோம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம்: 36 கன மீட்டர். ஏசி போட்டு, ஜன்னலை மூடி, கதவிடுக்கிலும் டேப் ஒட்டியிருக்கிறோம். ஒரு பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர் நைட்ரஜன். அது முழுக்கக் கசிந்தால் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 17 அளவுக்கு இறங்கும். 19.5-க்குக் கீழே போனாலே பாதுகாப்பற்ற காற்று என்று கொள்வது வழக்கம். ஆவிகளைக் குளிர்வித்துப் பிடிக்கும் கோல்டு டிராப்புக்காக வைத்திருக்கும் 25 லிட்டர் திரவ நைட்ரஜன் கவிழ்ந்தால், அது ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து 17 கன மீட்டருக்கு மேல் ஆகும்; ஆக்சிஜன் 13 விழுக்காட்டுக்கு வந்துவிடும். தலை சுற்றும், முடிவெடுக்கும் திறன் போகும், 'வெளியே போ' என்று தோன்றவே தோன்றாது. திரவ நைட்ரஜன் உள்ள அறையில் ஆக்சிஜன் அலாரம் மாட்டுங்கள். ஒருவர் விழுந்து கிடந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தூக்க நினைக்காதீர்கள். கதவை அகலத் திறந்து, ஆளைக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போனவர்கள் பக்கத்திலேயே விழுந்த கதைகள் தொழிற்சாலைப் பதிவுகளில் ஏராளம்.

கோல்டு டிராப் என்றதும் இன்னொன்று. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. ஆக்சிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். டிராப் குளிர்ந்திருக்கும்போது அதன்வழியே காற்றைத் தொடர்ந்து உறிஞ்சினால் உள்ளே வெளிர்நீலத் திரவம் சேரும். அது திரவ ஆக்சிஜன். எண்ணெயோ கரைப்பானோ அதோடு சேர்ந்தால் வெடிமருந்து. நீலத்தைக் கண்டால் டிராப்பை அடைக்காதீர்கள், தொடாதீர்கள், எல்லோரும் வெளியேறித் தெரிந்தவரை அழையுங்கள்.

பெல் ஜாரின்மேல் போடும் கம்பிவலைக் கூட்டைச் சிலர் தொந்தரவு என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். உடைந்து சிதறக் கண்ணாடியில் ஒரு கீறல் போதும். ஜப்பானில் சூப்பர் காமியோகாண்டே ஆய்வுக்கூடத்தில் 2001 நவம்பர் 12 அன்று நீருக்கடியில் ஒரே ஒரு வெற்றிடக் கண்ணாடிக் குமிழ் உடைந்தது. அந்த அதிர்ச்சி அலை அடுத்ததை உடைத்தது, அது அடுத்ததை. 11,000-க்கும் மேற்பட்ட குமிழ்களில் 6,000-க்கும் மேல் சில வினாடிகளில் நொறுங்கின. ஒவ்வொரு முறை பெல் ஜாரைத் தூக்கி வைக்கும்போதும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் அதை ஓரமாக வையுங்கள்.

கதவு திறந்துவிட்டது. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டுதான் கை உள்ளே போக வேண்டும். வெறும் விரல் பதித்த எண்ணெய் பல மணி நேரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது கருவியின் நலன். உங்கள் நலனுக்கு, சுவரில் உரிந்து தொங்கும் படலங்களைப் பாருங்கள். இதற்குமுன் இந்த அறையில் என்னென்ன ஆவியாக்கினார்கள் என்று தெரியாமல் அவற்றைச் சுரண்டக் கூடாது. காலியம் ஆர்சனைடு வளர்த்த அறையில் அந்தச் செதில்கள் ஆர்சனிக். இண்டியம் பாஸ்பைடு வளர்த்த அறையின் குளிர்ந்த சுவரில் வெண்பாஸ்பரஸ் சேர்ந்திருக்கும். அது 30 டிகிரி அளவிலேயே காற்றில் தீப்பிடிக்கும். நம் ஊரில் அது அறை வெப்பநிலை. அத்தகைய கருவிகளுக்கு இங்கே சொன்னவை போதா. அவற்றைத் திறக்கத் தனிப் பயிற்சியும் தனிக் கவசமும் வேண்டும்.

மாதிரியை எடுத்து வைத்தாயிற்று. மூடும் முன் ஓ-ரிங்கைச் சாய்வான வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பாருங்கள். பஞ்சு இழை, முடி, முந்தைய படலத்தின் மினுங்கும் துகள் எதுவும் அதன்மேல் கிடக்கக் கூடாது. ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால் 10⁻⁵ மில்லிபாரை எட்டவே முடியாது. துடைக்கும் துணியும் நூல் விடாததாக இருக்கட்டும். கிரீஸ் பூசுவது என்றால் மினுமினுப்பு தெரியும் அளவு போதும். செப்பு கேஸ்கெட் போட்ட ஃபிளாஞ்சானால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். கத்தி விளிம்பு அதில் ஒருமுறை பதிந்துவிட்டது. மறுமுறை அதே தடத்தில் அமராது.

லோட் லாக் உள்ள கருவிகளில் இந்தப் பெரிய கதவைத் தினமும் திறக்கும் தேவையே இல்லை. சிறிய முன்னறையில் மாதிரியை வைத்து, அதை மட்டும் இறைத்து, நடுவில் உள்ள கேட் வால்வைத் திறந்து, காந்தத்தால் நகரும் கைக்கோலால் மாதிரியை உள்ளே தள்ளிவிடலாம். பெரிய அறை மாதக்கணக்கில் வெற்றிடத்திலேயே இருக்கும். இதிலும் ஒரு கண் வேண்டும்: கேட் வால்வைத் திறக்கும் முன் முன்னறையின் கேஜைப் பார்ப்பதும், மூடும் முன் கைக்கோல் முழுவதும் பின்னே வந்துவிட்டதா என்று பார்ப்பதும். கோல் நடுவில் இருக்கும்போது வால்வு இறங்கினால் இரண்டும் போகும்.

இனி மீண்டும் பம்ப். பேக்கிங் வால்வை மூடி, ரஃபிங்கைத் திறந்து, 5×10⁻² மில்லிபார் வரும்வரை பொறுத்து, ரஃபிங்கை மூடி, பேக்கிங்கைத் திறந்து, பிறகு ஹை வாக்குவம் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, முள் அடங்கிய பின் முழுவதும் திறக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு 10⁻⁵ தொட்டது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். வழக்கத்தைவிட நேரம் அதிகமானால் உள்ளே ஈரமா, எங்காவது கசிவா என்று ஐயம் வரும். அதைத் தீர்க்கக் கருவி ஏதும் வாங்க வேண்டாம். ஹை வாக்குவம் வால்வை மூடி, அழுத்தம் ஏறுவதை நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து, கட்டத்தாளில் வரையுங்கள். கோடு நேராக ஏறிக்கொண்டே போனால் கசிவு. அந்த ஓ-ரிங்கைத் திரும்பப் பாருங்கள். முதலில் வேகமாக ஏறிப் பிறகு வளைந்து படிந்தால் சுவரில் உள்ள நீர். இரவு முழுக்கப் பம்ப் ஓடட்டும், காலையில் வந்து பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஆய்வக உதவியாளர்கள் முதலில் கேட்கட்டும்.